பதினோராம் இலக்கச் சேர்வர்

நாவற்குடாவில் பிரதான வீதியோரம் தரை ஓடு விற்கும் கடையொன்று இருக்கிறது. அதன் மேல்மாடியில் ஏழு வருஷம் வேலை செய்தவள் தக்ஷாயினி. கொழும்புக் கம்பனி ஒன்றின் கிளை அலுவலகம் அது. நான்கு மேசைகள், ஒரு குளிரூட்டி, சுவரில் ஒரு பெரிய திரை. மற்றவர்களின் தரவுகளைத் தன் சேர்வர் கணினிகளில் வைத்துப் பராமரிப்பதுதான் கம்பனியின் தொழில். தனியார் மருத்துவ நிலையங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்னத் தொண்டு அமைப்புகள் என்று பலரும் வாடிக்கையாளர்களாக இருந்தார்கள். சேர்வர்கள் கொழும்புக்கு வெளியே, நாவற்குடாவிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு கட்டடத்தில் இருந்தன. அங்கே அவள் இரண்டே தடவைதான் போயிருக்கிறாள். ஆனாலும் அவளைப்போல் அவற்றை அறிந்தவர்கள் கம்பனியில் வேறு யாரும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

அவள் செட்டிபாளையத்தில் பிறந்தவள். தகப்பன் கரைவலை இழுத்தவர். சுனாமிக்குப் பிறகு கடலை விட்டுவிட்டு வாவியில் தோணி வைத்துக்கொண்டார். களுவாஞ்சிக்குடியில் உயர்தரம் படித்து, வந்தாறுமூலையில் பட்டம் எடுத்து, கொழும்பில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். மதுரனைக் கட்டிய பிறகுதான் மட்டக்களப்புக்குத் திரும்பினாள். மதுரன் விஞ்ஞான ஆசிரியர். இரண்டு பேரும் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் வாடகைக்கு இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை.

அவளுடைய வேலை டெம்ப்ளேட் எழுதுவது. சேர்வர்களை நிர்வகிக்கும் மென்பொருளில் ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு புரொஃபைல் உண்டு. அது எந்த வலையமைப்போடு இணைய வேண்டும், மின்சாரம் வந்ததும் எங்கிருந்து இயங்கத் தொடங்க வேண்டும், உள்ளே இருக்கும் டிஸ்க்குகள் எப்படி அமைய வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். பதினாறு சேர்வருக்கும் தனித்தனியே எழுதப் போனால் எங்கோ ஓரிடத்தில் கை பிசகும். அதனால் டெம்ப்ளேட் ஒன்றை எழுதி, அதிலிருந்து பதினாறு புரொஃபைல்களை எடுத்துக்கொள்வார்கள். பிறகு டெம்ப்ளேட்டில் எதையாவது மாற்றினால், ஒத்துப்போகாத புரொஃபைல்களுக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் தோன்றும். ஒரு பொத்தானை அழுத்திச் சரிக்கட்டினால் அது பச்சையாகிவிடும்.

தக்ஷாயினி எழுதிய டெம்ப்ளேட்டுகளைக் கொழும்பில் புதிதாகச் சேர்பவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்கள். ஒரு சேர்வர் பழுதாகிப்போனால் அதன் புரொஃபைலை எடுத்துச் சும்மா கிடக்கும் இன்னொன்றில் போடுவாள். பத்து நிமிஷத்தில் அது பழையதாகவே எழுந்து வேலை செய்யும். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள். ஆனால் திரையில் மஞ்சள் கிடந்தால் சோற்றுப் பார்சலைக்கூட அவிழ்க்கமாட்டாள்.

பஹ்மியை வேலைக்கு எடுத்தவளும் அவள்தான். காத்தான்குடிப் பொடியன், இருபத்தாறு வயது. நேர்முகப் பரீட்சைக்கு வந்த ஒன்பது பேரில், தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொன்னவன் அவன் ஒருவன்தான். வாப்பா இல்லை. உம்மாவுக்கு நீரிழிவு, காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. கிழமையில் ஒரு நாள் மருந்து கட்ட அழைத்துப் போக வேண்டும். அந்த நேரத்துக்கு அவன் லீவு போடுவதில்லை. தக்ஷாயினி பார்த்துக்கொள்வாள். கிளை முகாமையாளர் சிவதர்ஷனுக்கு அது தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாசி மாதத்து மழை பெய்து விட்டிருந்தது. டெம்ப்ளேட்டில் ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருளையும் டிஸ்க் அமைப்பையும் புதுப்பிக்கும் மாற்றத்தை அவள் முதல் நாளே எழுதி முடித்திருந்தாள். கொழும்பும் சம்மதித்துவிட்டது. பின்னேரம் இரண்டிலிருந்து நாலுக்குள் அதைப் பதினாறு சேர்வருக்கும் போடவேண்டியது பஹ்மியின் வேலை. ஒன்றரைக்கு அவன் அவளுடைய மேசைக்கு வந்தான்.

“அக்கா, உம்மாவ கிளினிக்குக்குக் கொண்டு போகணும். மூணு மணிக்குள்ள வந்திருவன்.”

“மாத்தம் போட இரிக்கே தம்பி.”

“நாலு மணி மட்டும் நேரம் ஈக்கிதானே. நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல, நான் வந்து போடுறன். ஃபோன் வந்தா மட்டும் எடுங்க.”

அவன் போய்விட்டான். கணினியைப் பூட்டாமல், உள்நுழைந்தபடியே விட்டுப் போனான். சிவதர்ஷன் மேசை காலியாக இருப்பதைக் கண்டால் தேடுவார் என்று நினைத்து, தக்ஷாயினி தன் வேலையை எடுத்துக்கொண்டு அவனுடைய கதிரையில் போய் இருந்தாள். எதிரே திரையில் பதினாறு மஞ்சள் முக்கோணங்கள் வரிசையாக நின்றன.

இரண்டரை ஆனது. அவன் வரவில்லை. கிளினிக்கில் சனம் கூடவாக்கும், வந்து அவசரப்பட்டுச் செய்யப்போகிறான், நானே போட்டுவிட்டால் அவனுக்கும் உதவிதானே என்று எண்ணினாள். பதினாறையும் தெரிவு செய்து, டெம்ப்ளேட்டின்படி சரிக்கட்டும்படி அழுத்தினாள்.

மென்பொருள் எச்சரித்தது. ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு பந்தி எச்சரிக்கை. முதல் மூன்றையும் அவள் விரித்து வாசித்தாள். மூன்றிலும் ஒரே வசனம்தான்: உள் டிஸ்க்குகள் மீள அமைக்கப்படும், அவற்றில் உள்ள தரவு அழிந்துவிடும். அது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். வாடிக்கையாளர்களின் தரவு எல்லாம் பொதுச் சேமிப்பகத்தில் இருந்தது. சேர்வர்களின் உள் டிஸ்க்குகள் வெறுமை. மீதிப் பதின்மூன்றையும் விரிக்காமல், விளங்கிக்கொண்டேன் என்ற கட்டத்தில் அடையாளமிட்டு அழுத்தினாள். அப்போது இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிஷம்.

பஹ்மி மூன்று மணிக்கு வந்தான். சேர்ட்டின் தோள் நனைந்திருந்தது.

“நான் போட்டுட்டன் தம்பி. எல்லாம் பச்சை.”

“அல்ஹம்துலில்லாஹ். தேங்ஸ் அக்கா.”

மூன்றே காலுக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. களுவாஞ்சிக்குடியில் உள்ள ஓர் அமைப்பின் இணையத்தளம் திறக்கவில்லையாம். எந்தச் சேர்வர் என்று கேட்டாள். பதினொன்று என்றார்கள். அந்த எண்ணைக் கேட்டதும் அவளுக்கு நினைவு வந்துவிட்டது; பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனாலும் திறந்து பார்த்தாள். டிஸ்க் புத்தம் புதிதாக, வெறுமையாக இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் பொதுச் சேமிப்பகம் நிரம்பிவிட்டது. புதியது வரும் மட்டும் இரண்டு கிழமைக்கு என்று சொல்லி, அந்த அமைப்பின் வீடியோக்களைப் பதினொன்றின் உள் டிஸ்க்கில் வைத்தவள் அவளேதான். புதியது வந்த வாரம் அவளுக்கு நாலாம் மாதத்தில் கரு கலைந்தது. மூன்று கிழமை லீவில் நின்றாள். திரும்பி வந்தபோது அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் நினைவில்லை. தினமும் ஓடும் காப்புப் பிரதி பொதுச் சேமிப்பகத்தை மட்டும்தான் எடுத்தது. உள் டிஸ்க்குகளை எடுக்கவில்லை.

இரண்டு நாள் கொழும்பில் முயன்று பார்த்தார்கள். ஒன்றும் மீளவில்லை.

வியாழக்கிழமை காலை விசாரணை. சுவர்த் திரையில் கொழும்பிலிருந்து மூன்று முகங்கள். இங்கே சிவதர்ஷன், பஹ்மி, தக்ஷாயினி. மாற்றம் செய்தவர் என்று பதிவேட்டில் பஹ்மியின் பெயர்தான் இருந்தது. சிவதர்ஷன்தான் கேட்டார்.

“பஹ்மி, இது உங்கட லொகின்தானே?”

“ஓம் சேர்.”

“எச்சரிக்கைய வாசிக்காமலா அழுத்தின?”

பஹ்மி தலையைத் திருப்பித் தக்ஷாயினியைப் பார்த்தான். கோபமான பார்வையும் அல்ல, கெஞ்சும் பார்வையும் அல்ல. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வருகிறவருக்காக நிற்பவனைப் போல இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். நான்தான் செய்தேன் என்று சொல்லத்தான் திறந்தாள். அதைப் பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குத்தானே உறுதிப்படுத்திப் பார்த்திருக்கிறாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“டெம்ப்ளேட்டில பிழை ஒண்டும் இல்ல சேர்.”

பஹ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அது என்ட வேலை சேர்,” என்றான். “நான்தான் பொறுப்பு.”

வெள்ளிக்கிழமை அவனுக்குக் கடிதம் கொடுத்தார்கள். மேசை லாச்சியிலிருந்து தண்ணீர்ப் போத்தலையும், மடித்து வைத்திருந்த தொழுகை விரிப்பையும், சார்ஜரையும் எடுத்துப் பைக்குள் வைத்தான். போகும்போது அவளுடைய மேசைப் பக்கம் நின்று, “வாறன் அக்கா,” என்றான். கோல் எடுக்கிறேன் என்று சொன்னாள். எடுக்கவில்லை.

அன்று பின்னேரம் மதுரனிடம் சொன்னாள். அவன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். பேனையை மூடி வைத்துவிட்டுக் கடைசி மட்டும் கேட்டான்.

“அவன் உன்னைச் சொல்லல்லதானே?”

“இல்ல.”

“அப்ப நீ ஏன் போய்ச் சொல்லப்போறாய்? லொகின் பூட்டாமப் போனது அவன்ட பிழைதானே. கள்ளமா வெளியால போனதும் பிழை.”

“போகச் சொல்லி விட்டது நான்.”

“தக்ஷி, அவன் பொடியன். வேற வேலை எடுப்பான். உனக்கு இந்த ஊர்ல இப்பிடி வேற எங்க இரிக்கி?”

மதுரன் கெட்டவன் அல்ல. அவள் கேட்க விரும்பியதைத்தான் அவன் சொன்னான். அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த கிழமை அன்னப்பூரணி அலுவலகத்துக்கு வந்தாள். களுவாஞ்சிக்குடி அமைப்பு என்று வாடிக்கையாளர் பட்டியலில் இருந்தது இந்த ஒருத்திதான். நாற்பத்தைந்து வயதிருக்கும், வீட்டில் உடுப்புத் தைப்பவள். சிவதர்ஷன் எட்டிப் பார்த்துவிட்டு, “பொம்புளையாள், நீங்க கதைச்சா நல்லம்,” என்று தக்ஷாயினியிடம் தள்ளிவிட்டார்.

அன்னப்பூரணியின் கணவர் வினாயகமூர்த்தி பிறவியிலேயே காது கேளாதவர். தச்சு வேலை செய்தவர். வாவிக்கரை ஊர்களில் காது கேளாத ஆட்கள் தங்களுக்குள் கையால் பேசிக்கொள்வதை ஒன்றுவிடாமல் எடுத்து வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கொழும்பில் படிப்பித்த சைகைகளில் இங்கே இருக்கிற மீன்களுக்கும் வயல் வட்டையில் நடக்கும் வேலைகளுக்கும் சைகை இல்லை. ஒன்பது வருஷம் புருஷனும் பெண்சாதியும் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், இரண்டாயிரத்துக்கு மேல் வீடியோ எடுத்தார்கள். தமிழ், முஸ்லிம் என்று எல்லாக் கிராமத்திலும் எடுத்தார்கள். எண்ணூறில் வினாயகமூர்த்தியே நின்று செய்து காட்டியிருந்தார். போன வருஷத்துக்கு முந்திய வருஷம் எலிக்காய்ச்சலில் அவர் செத்துப்போனார்.

“உங்களிட்ட வேற எங்கயும் கொப்பி இல்லையா அக்கா?” என்று தக்ஷாயினி கேட்டாள்.

“வீட்ட ஒரு டிஸ்க் இரிந்த. வெள்ளம் ஏறினதோட அது போயிற்று. அதுக்குப் புறகுதான் இஞ்ச தந்த. உங்கட ஆக்கள்தான் சொன்ன, இஞ்ச வெச்சா தண்ணி ஏறாது எண்டு.”

தக்ஷாயினி கம்பனி எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தை நீட்டினாள். அன்னப்பூரணி அதை வாங்கி மடியில் வைத்தாள், விரிக்கவில்லை.

“ஃபோட்டோ ஏதும் இரிக்கா அவர்ட?”

“ஃபோட்டோ இரிக்கி புள்ள. கலியாண அல்பம் இரிக்கி. ஃபோட்டோவில அவர் கதைக்க மாட்டார்தானே.”

கீழே ஓட்டுக் கடையில் லொறியொன்றிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்தது.

“ஆர் செஞ்ச?” என்று அன்னப்பூரணி கேட்டாள்.

“ஒரு பொடியன்,” என்றாள் தக்ஷாயினி. “கவனமில்லாமச் செஞ்சிட்டான். வேலையால நிப்பாட்டியாச்சு.”

“எத்தின வயசு?”

“இருவத்தாறு.”

“பாவம். அவன நிப்பாட்டி என்னத்தக் காண.”

விசாரணையில் அவள் உண்மையைச் சொல்லாமல் விட்டாள். அதை மௌனம் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம் என்று ஒரு கிழமையாக நினைத்திருந்தாள். இது அப்படியல்ல. இது அவளே வாயால் சொன்ன பொய். அன்னப்பூரணி படியிறங்கிப் போன பிறகு கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அழுகை வரவில்லை.

பிறகு மாதங்கள் போயின. அவளுடைய வேலை குறையவில்லை. கொழும்பு அவளிடமே புதிய விதிமுறை ஒன்றை எழுதித் தரச் சொன்னது: டிஸ்க்கைத் தொடும் எந்த மாற்றத்தையும் இரண்டு பேர் பார்த்த பிறகே போட வேண்டும், எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக விரித்து வாசிக்க வேண்டும். எழுதினாள். நன்றாக எழுதியிருக்கிறாள் என்று பாராட்டி மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பிறகு எந்தச் சேர்வரைத் தொடப் போனாலும் அவளுடைய கை நின்றது. ஒரு சின்ன வலையமைப்பு மாற்றத்துக்குக்கூட நாலு தடவை சரிபார்ப்பாள், பிறகு நாளைக்குப் போடலாம் என்று விட்டுவிடுவாள். வீட்டில் மதுரனோடு பேச்சுக் குறைந்தது. அவன் ஏதாவது கேட்டால் ஓம், இல்லை என்று சொல்வாள். சமைத்துவிட்டுத் தனக்குப் போட மறந்துவிடுவாள்.

ஆடி மாதம் ஒரு காலை, கீழே ஓட்டுக் கடையில் வேலை செய்யும் ஸாஹிர் படிக்கட்டருகே அவளைக் கண்டு சலாம் சொல்வதுபோல் கையைத் தூக்கினார். அவர் பஹ்மியின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர்.

“பஹ்மி என்ன செய்யிறான் நானா?” என்று கேட்டாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரை வாயெடுத்துச் சொன்னாள்.

“தெரியாதா உங்களுக்கு? கட்டார் போயிட்டான். ரெண்டு மாசமாகுது. கொம்பியூட்டர் வேலை கொழும்பில நாலஞ்சு இடம் கேட்டுப் பாத்தான். இந்தக் கடிதத்த வெச்சுக்கிட்டு ஆரு எடுப்பாங்க. இப்ப பெரிய ஸ்டோர் ஒண்டுல பெட்டி அடுக்கிற வேலை.”

“உம்மா?”

“உம்மாட கால எடுத்தாச்சு. போன வெள்ளிக்கிழமை. முழங்காலுக்குக் கீழால. அவன் இருந்தா கிழமக்கிழம கொண்டு போய் மருந்து கட்டியிருப்பான். தங்கச்சிக்கு ஏலாதே, அது சின்னப் புள்ள.”

தக்ஷாயினி மேலே ஏறிப் போய் நேரே சிவதர்ஷனின் அறைக்குள் நுழைந்தாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்: அன்று பஹ்மி இங்கே இருக்கவில்லை, அவனை அனுப்பியது தான், அழுத்தியதும் தான், பதினொன்றில் அந்தத் தரவை வைத்து மறந்ததும் தான்.

சிவதர்ஷன் எழுந்து கதவைச் சாத்தினார்.

“அந்த ஃபைல் மூடியாச்சு, தக்ஷாயினி.”

“திறக்கணும் சேர்.”

“திறந்தா என்னையும் கேப்பாங்க. என்ட கந்தோர்ல ஒராள் சொல்லாமக் கொள்ளாம வெளியால போறது எனக்குத் தெரியாதா எண்டு கேப்பாங்க.” திரும்பிக் கதிரையில் இருந்தார். “நீங்க களைச்சுப் போய் இரிக்கிறீங்க. ரெண்டு நாள் லீவு எடுங்க. மறுகா கதைப்பம்.”

அவள் லீவு எடுக்கவில்லை. மேசைக்குப் போய்க் கொழும்பில் உள்ள பணிப்பாளருக்கு ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். தன் கருச்சிதைவைப் பற்றி அதில் ஒரு வரியும் எழுதவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. அவளை விலக்கவில்லை, தானாக விலகிக்கொள்ளும்படி கேட்டார்கள். வாடிக்கையாளரிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் கேட்டார்கள். பஹ்மியின் பணிநீக்கத்தை ரத்துச் செய்து அவனுக்குக் கடிதம் அனுப்பினால் விலகுகிறேன் என்று அவள் எழுதினாள். அந்தக் கடிதம் வர ஆறு கிழமை எடுத்தது. மீள ஆராய்ந்ததில் குறித்த ஊழியர் பொறுப்பல்ல என்று தெரியவந்துள்ளது என்று அதில் இரண்டு வரி இருந்தது. யார் பொறுப்பு என்று இருக்கவில்லை. பிரதியைப் பார்த்துவிட்டு, அன்றே தன் விலகல் கடிதத்தில் கையெழுத்து வைத்தாள்.

மதுரனுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாள். அவன் முற்றத்தைப் பார்த்தபடி கேட்டான்.

“முதல்லயே சொல்லியிருந்தா அவன்ட வேலையாவது மிஞ்சியிருக்கும்,” என்றான். தானும் அன்று தடுத்தவன் என்பதை அவன் சொல்லவில்லை. அவளும் சொல்லிக்காட்டவில்லை.

கம்பனி கேட்டுக்கொண்டதை மீறி அடுத்த சனிக்கிழமை பின்னேரம் களுவாஞ்சிக்குடிக்கு பஸ் ஏறினாள். அன்னப்பூரணி விறாந்தையில் தையல் மெசினில் இருந்தாள். முற்றத்தில் பலகைகள் அடுக்கி, தறப்பாள் போட்டு மூடிக் கட்டியிருந்தன. வினாயகமூர்த்தி அறுத்து வைத்த பலகைகளாக இருக்க வேண்டும். வந்தவளை அன்னப்பூரணி அடையாளம் கண்டு, இருக்கச் சொல்லிக் கதிரை எடுத்துப் போட்டாள்.

தக்ஷாயினி சொல்லி முடிக்கும் மட்டும் அவள் தைக்கிற துணியை விடவில்லை. மெசின் மட்டும் நின்றிருந்தது.

“அண்டைக்கு என்ட முகத்தப் பாத்துக்கொண்டு, பொடியன் எண்டு சொன்னீங்களே.”

“ஓம் அக்கா.”

“வீடியோ போனது எனக்கு விளங்கும். மெசின் எண்டா அப்பிடி. எனக்கு விளங்காதது இதுதான்.” துணியை மடியில் வைத்தாள். “உங்களிட்ட பாவம் எண்டு சொல்லிப்போட்டு வந்தன். வீட்ட வந்து அந்தப் பொடியன நான் ஏசாத நாள் இல்ல. கோயில்ல போயும் ஏசின. முகம் தெரியாத புள்ள. அதுக்கு நான் என்ன செய்ய இப்ப?”

தக்ஷாயினி, வீடியோக்களைத் திரும்ப எடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன் என்றாள்.

“எடுக்கிறம். ஞாயிற்றுக்கிழமையில ஆக்கள் வாறாங்க. அவர்ட கூட்டாளிமார்தான். எனக்கும் முக்கால்வாசி சைகை தெரியும்.” தன் வலக்கையை விரித்துப் பார்த்தாள். “ஆனா அது வேற. வாள் பட்டு அவருக்கு மோதிர விரல்ல பாதி இல்ல. அவர் செய்யக்க எல்லாம் ஒரு மாதிரி வளைஞ்சுதான் வரும். இறால் எண்டு அவர் காட்டினா இறால் மாதிரியே இரிக்கும். நான் அஞ்சு விரலாலயும் செஞ்சா அது அவர்ட இல்ல.”

“நான் வந்து உதவி செய்யவா அக்கா? எடுக்கிறதெல்லாத்தையும் ரெண்டு மூணு இடத்தில பத்திரமா வெச்சுத் தாறன். சும்மாதான்.”

“வேணாம் புள்ள.”

கோபமாகச் சொல்லவில்லை. தைக்க வந்த துணிக்கு அளவு போதாது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். பிறகு மெசினை மிதிக்கத் தொடங்கினாள். தக்ஷாயினி எழுந்து வந்தாள். வாசல் படலை வரைக்கும் யாரும் கூட வரவில்லை.

பஹ்மிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினாள். நாலு தடவை பேசி அழித்துவிட்டு, ஐந்தாம் தடவை பேசியதை அனுப்பினாள். மறுநாள் எழுத்தில் பதில் வந்தது.

“அக்கா, லெட்டர் கிடைச்ச. தேங்ஸ். அண்டைக்கு நீங்க சொல்லுவீங்க எண்டுதான் பாத்துக்கிட்டு இருந்தன். டெம்ப்ளேட்டில பிழை இல்ல எண்டு சொன்னீங்க. அதுக்குப் புறகு எனக்கு ஒண்டும் கதைக்கத் தோணல்ல.”

உம்மா சுகமா, திரும்பி வருவியா என்று அவள் கேட்டு எழுதினாள். பார்த்துவிட்டான் என்பதற்கான நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. இரண்டு பெருநாளுக்கும் வாழ்த்து அனுப்பினாள். அதற்கும் குறி மட்டும்தான் வந்தது.

பத்து மாதம் வேலையில்லாமல் இருந்தாள். நேர்முகப் பரீட்சைகளில் முந்திய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோதெல்லாம் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். மதுரன் அப்படிச் சொல்லத் தேவையில்லை என்றான். பிறகு அவனும் சொல்வதை விட்டுவிட்டான். மூன்று இடத்தில் மரியாதையாகக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். நாலாவது இடத்தில், மட்டக்களப்பு நகரத்தில் ஒரு சின்ன நிறுவனம், எடுத்துக்கொண்டது. சேர்வர்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று கவனித்து, ஏதாவது தவறினால் உரியவருக்கு அறிவிக்கும் வேலை. முன்பு அவளிடம் படித்தவர்கள் செய்த வேலை அது.

முதல் நாள் அவளுக்கு உள்நுழைவைத் திறந்து கொடுத்த இளம்பெண், கொஞ்சம் சங்கடத்தோடு, இதில் பார்க்க மட்டும்தான் அனுமதி, எதையும் மாற்ற வராது, மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அனுமதியைக் கூட்டித் தருவார்கள் என்றாள். தக்ஷாயினி சரி என்று தலையாட்டினாள். இப்போது ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அவள் கேட்கவில்லை.